ஆனந்தபாயின் முன் கண்ணாடி

அமரவிளைப் பக்கம் பெண்கள் யாராவது கார் ஓட்டிக்கொண்டு போனால், அவர்களில் பாதிப்பேர் ஆனந்தபாயிடம் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள். இருபது வருடத்துக்கு மேலாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, அங்கே பொருத்திய இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடி, மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தே ஆயுள் போய்க்கொண்டிருந்தது. கிளட்சைப் பட்டென்று விடுகிறவர்கள், எதிரே பஸ் வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு "கர்த்தாவே" என்கிறவர்கள். யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டாத ஒரு வண்டி தனக்கென்று வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

வாங்கியது ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, தரையோடு ஒட்டின உடம்பு, சிவப்பு நிறம். கல்ஃபிலிருந்து ஒருவர் கொண்டுவந்து, ஓட்டி அலுத்து, பாறசாலையில் ஷெட்டில் போட்டிருந்தது. காரக்கோணத்தில் பேக்கரி வைத்திருக்கும் அவள் கணவர் ராஜதாஸ் தலையில் கை வைத்தார்.

"ரெண்டு பேருக்கு மேல சரியா இருக்க முடியாத வண்டி என்னத்துக்காக்கும்?"

"நம்ம வீட்டுல ரெண்டு பேருதானே உண்டு" என்றாள் ஆனந்தபாய்.

ஓட்டி ஆசை தீரவில்லை. அதற்குள் பனச்சமூட்டில் பாறை ஏற்றிய ஒரு லாரி அவளைத் தாண்டிப் போனது. மேலிருந்து முட்டையளவு கல் ஒன்று தெறித்து முன் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி உதிரவில்லை, ஓரம் முதல் ஓரம் வரை சிலந்திவலைபோல விரிந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு வண்டி முற்றத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிக்கொடுக்கிறவள் உடைந்த கண்ணாடியோடு ரோட்டில் இறங்க முடியுமா?

நெய்யாற்றின்கரையில் கார் கண்ணாடி மாற்றும் ஷைஜு கெட்டவனில்லை. ஆனால் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. சென்னையில் ஒருவரிடம் சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னான். அடுத்த வாரம் என்றான். ஓணம் கழியட்டும் என்றான். அவள் எப்போது போன் செய்தாலும் பதில் ஒன்றுதான்.

"டீச்சரே, காரியமெல்லாம் ராஜதாஸ் சேட்டன்கிட்ட சொல்லியாச்சு."

"அவருகிட்ட என்னத்துக்குலே சொல்லுக? வண்டி யாருக்க வண்டியாக்கும்?"

"டீச்சருக்க வண்டிதான். எண்ணாலும் கண்ணாடிக் காரியமல்லவா..."

கண்ணாடிக் காரியத்துக்கு ஆண்பிள்ளை எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. ராஜதாஸுக்கோ அந்த வண்டியில் டீசல் ஊற்றுவதா பெட்ரோல் ஊற்றுவதா என்றுகூடத் தெரியாது.

ஒருவழியாகக் கண்ணாடி வந்தது. வைத்துப் பார்த்தால் இரண்டு விரல் அகலம் கூடுதல். அதே பெயர்தான், வேறு வருடத்து வண்டிக்கானது. திருப்பி அனுப்பி இரண்டாவது வந்தது. அளவு கச்சிதம். பழைய பசையை அறுத்தெடுத்து, புதிய பசை வைத்து, ஷைஜு மூலையில் உள்ளங்கையை வைத்து அமுக்கினான். 'டிக்' என்று ஒரு சத்தம். கீழ்மூலையிலிருந்து ஒரு கோடு மெல்ல மேலே ஏறியது. ஆனந்தபாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது சாதனத்துக்க குற்றமாக்கும் டீச்சரே" என்றான் ஷைஜு.

"குற்றம் சட்டத்திலயாக்கும். விரல வச்சுப் பாரு."

அவன் கண்ணாடியை எடுத்துவிட்டுத் தடவினான். கண்ணாடி உட்காரும் இரும்புச் சட்டத்தில் துரு பொருக்குப் பொருக்காக எழும்பி நின்றது. மேடான இடத்தில் அமுக்கினால் எந்தக் கண்ணாடிதான் தாங்கும்? இதை முதலிலேயே பார்த்திருக்கலாம் என்று அவன் சொல்லவில்லை. தானும் தடவிப் பார்க்கவில்லையே என்று அவளுக்கும் எரிச்சல் வந்தது.

மூன்றாவது கண்ணாடிக்காக அவள் சும்மா காத்திருக்கவில்லை. மாலையில் கிளாஸ் முடிந்து வந்ததும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நகக்கண்ணெல்லாம் சிவந்து போனது. சர்ச்சில் பக்கத்து வீட்டு பிஜி, "ஆனந்தக்கா, விரலுக்கு என்ன பற்றி, இப்பிடி செவந்து கெடக்கு?" என்று கேட்டபோது, பாட்டுப் புத்தகத்தால் கையை மறைத்துக்கொண்டாள். தேய்த்து முடித்து, துரு பிடிக்காத பெயின்ட்டும் அடித்தாள்.

மூன்றாவது கண்ணாடி ஒழுங்காக உட்கார்ந்தது. பசை காயும்வரை பிடித்து நிற்க ஷைஜு பேப்பர் டேப் ஒட்டிவிட்டுப் போகும்போது இரண்டு முறை சொன்னான்.

"நாளை வரை ஜன்னல் கொஞ்சம் திறந்து கிடக்கட்டு. கதவ ஓங்கி அடைக்கப்படாது. உள்ள காத்து முட்டினா கண்ணாடி இளகும்."

அவள் ஜன்னலை இறக்கி வைத்தாள். மத்தியானம் தூறல் போட்டது. ராஜதாஸ் நல்லெண்ணத்தோடு முற்றத்தில் இறங்கி, ஜன்னல்களை ஏற்றி, கதவை அடித்துச் சாத்தினார். சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து ஓடிவந்த ஆனந்தபாய், மேல்மூலையில் டேப் பிரிந்து நிற்பதைக் கண்டாள்.

"மழ பெய்யுதுண்ணுல்லா..." என்றார் அவர்.

அவள் கையிலிருந்த கரண்டியைப் படியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். கல் விழுந்த அன்றுகூட அழாதவள். ராஜதாஸ் என்ன செய்வதென்று தெரியாமல் குடையைக் கொண்டுவந்து அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஷைஜு மறுபடி வந்து அந்த மூலைக்குப் பசை வைத்தான். ஒரு நாள் விட்டு வண்டியை எடுத்தாள். கூப்பிடாமலே ராஜதாஸ் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கதவைப் பூனைபோல அடைத்தார். நான்காவது கியர் போட்டதும் மேல்மூலை இடுக்கில் காற்று நுழைந்து ஒரு விசில் கிளம்பியது. வேகம் கூடக்கூட விசிலும் கூடியது.

"ஆனந்தா, ஏதோ சத்தம் கேக்குதே. ஷைஜுவ விளிக்கட்டா?"

"கேக்கட்டு" என்றாள் அவள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒருத்தரையும் விளிக்காண்டாம். சும்மா இரியுங்க."