வியன்னாவுக்குப் புறப்பட்ட பை

போகாத ஊருக்கு வழி சொல்லிச் சம்பளம் வாங்கும் உத்தியோகம் ஒன்று உண்டென்றால் அது டிராவல்ஸ் குமாஸ்தா வேலைதான். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் சகோதரர்களே, இதைப் படித்துச் சிரிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எழுபதுகளில் செங்கல்பட்டில் ஒரு யாத்திரை கம்பெனியில் இருந்தேன். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் பஸ் விடுவோம். மூன்று வருஷமாக நான் டெம்பரரி. வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று மதுராந்தகத்தில் ஒருவர் பிடிவாதமாக இருந்தார்.

அந்தச் சமயத்தில் புதுப்பட்டினம் இறால் வியாபாரி கஜேந்திரன் வந்தார். மாமல்லபுரம் பார்க்க வந்த வியன்னாக்காரத் தம்பதி அவர் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, டிசம்பரில் எங்கள் ஊருக்குப் பனி பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்களாம். எங்கள் கம்பெனிக்கு முதல் வெளிநாட்டு கிராக்கி. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "புருசனும் பொண்டாட்டியும் நல்லபடியா போய்ட்டு வரட்டும், உன்ன பர்மனன்ட் பண்றேன்."

குளிர் பரீட்சை

அங்கே எவ்வளவு குளிரும் என்று கஜேந்திரன் கேட்டார். ஊட்டிகூடப் பார்க்காத நான், ஐஸ் கட்டி மாதிரி என்று சொல்லி வைத்தேன். சொன்னது வினையாகப் போயிற்று. அவரிடம் இறால் வைக்கும் ஐஸ் ரூம் இருந்தது. இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டுகளைப் போட்டுக்கொண்டு கணவனும் மனைவியும் அதற்குள் அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். மணி பார்க்க என்னையும் கூட உட்கார வைத்தார்கள். எனக்குக் கோட்டு கிடையாது.

வெளியே வந்ததும் அவர் மனைவி அலமேலு அக்கா நிதானமாகச் சொன்னார்: "குளுரு தாங்கிக்கலாம் தம்பி. அந்த ஊர்லயும் எறா நாத்தம் அடிக்குமான்னு மட்டும் கேட்டு சொல்லு."

பார்க்க வேண்டிய இடங்கள்

அக்காவுக்குப் பிறந்த வீடு மாமல்லபுரம் மீனவர் குப்பம். அது தெரிந்தும் நான் வியன்னா கையேட்டை விரித்து, இந்த அரண்மனை, அந்தக் கோபுரம், இத்தனை நூற்றாண்டுப் பழசு என்று மூச்சு விடாமல் படித்தேன். கஜேந்திரன் கொட்டாவி விட்டார். அக்கா கையேட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"பொறந்ததுலேர்ந்து பழைய கல்லதான் பாத்துகினு கீறேன். பனி எங்க கீது, அத காட்டு."

புறப்பட்டாகிவிட்டது

சென்னையில் விமானம் செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு. சரியான ராகு காலம். ஐந்து மணிக்கு எடுக்கச் சொல்ல முடியாதா என்று கஜேந்திரன் கேட்டார். விமானம் நம் பஸ் இல்லை என்று புரிய வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் அவர்கள் ஜோசியர்தான் வழி சொன்னார்: பரஸ்தானம். நல்ல நேரத்தில் ஒரு பையை வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்திலும் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போகலாம்.

ஞாயிறு காலை குங்குமப் பொட்டு வைத்த பை ஒன்று எங்கள் ஆபீசுக்கு வந்தது. கம்பளி உடுப்பு முழுக்க அதில்தான். கஜேந்திரன் கைகூப்பிவிட்டுச் சொன்னார்: "நாங்க கெளம்பியாச்சு தம்பி. இனிமே வூட்ல சும்மா தங்கிகினு கீறோம், அவ்ளோதான்."

பை போன திசை

திங்கட்கிழமை விடிகாலையில் காசி பஸ் கிளம்பியது. மூட்டைகளைக் கூரையில் ஏற்றியது அடியேன். காசிக்குப் போகிற பை ஒவ்வொன்றிலும் குங்குமப் பொட்டு இருக்கும். நான் பொட்டைப் பார்த்தேனே தவிர, பையைப் பார்க்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குத் தம்பதி காரில் வந்து இறங்கினார்கள். டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் என் டிராயரில் பத்திரமாக இருந்தன. பை மட்டும் ஆந்திராவில் எங்கோ போய்க்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். மதுராந்தகத்துப் பெண் கைவிட்டுப் போனாள் என்றே நினைத்தேன். அதைவிட, பனி பார்க்கக் கிளம்பிய அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது. சென்னையில் வேறு கம்பளி வாங்கிக்கொள்ளலாம் என்று முதலாளி கெஞ்சினார். அக்கா அசையவில்லை.

"துணி கெடக்குது வுடுங்க. பை காசிக்கு போயாச்சுன்னா நாங்க பாதி காசிக்கு போயாச்சு. பாதி வழில திரும்பினா ஆவாது."

போய் வந்தார்கள்

அன்றைக்கே பைக்குப் பின்னால் ரயில் ஏறினார்கள். வியன்னா டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு, நான் வேறு வேலை தேட ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் இருவரும் கங்கைச் சொம்போடு ஆபீசுக்கு வந்தார்கள். விடியற்காலை கங்கையில் முங்கியபோது ஐஸ் ரூம் தோற்றுவிட்டது, கரையேறியதும் அந்தக் கோட்டுதான் உயிரைக் காப்பாற்றியது என்றார் அக்கா. வியன்னாவுக்கு வேறு பை வாங்கியாகிவிட்டது, அதை என் கண்ணில் காட்டப் போவதில்லை என்றும் சொன்னார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, நல்லபடியாகப் போய்விட்டு வந்தோம் என்றார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "போய்ட்டு வந்தா பர்மனன்ட்னு சொன்னேன். எங்கன்னு சொல்லாம வுட்டது என் தப்பு."

வியன்னாவுக்குப் போகவேண்டிய பையைக் காசிக்கு அனுப்பி, அதனாலேயே வேலையும் பெண்டாட்டியும் பெற்ற குமாஸ்தா எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.