கோல்ஃப் பையும் பஞ்சர் கடைச் சம்மட்டியும்

இன்னைக்கு ராசிபுரம் தாண்டினதும் கார் டயர் பஞ்சர். நல்லவேளை, பக்கத்துலயே கடை.

கடைக்காரம்மா ஒரு லாரி டயரை ரிம்முல இருந்து பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. சம்மட்டி மேல போகுது. முதல்ல இடுப்பு திரும்புது, அப்புறம் தோள், கடைசியாத்தான் கை.

நாலே அடி. டயர் கழண்டுடுச்சு. அவங்களுக்கு மூச்சுகூட வாங்கல!

கோல்ஃப் பந்து இன்னும் தூரம் போகணும்னு ஆறு மாசமா அஸ்தம்பட்டி ஜிம்முல வெயிட் தூக்கறேன். ட்ரெய்னர் தினமும் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தறது இந்த ஒரு திருப்பலுக்காகத்தான். அதை இன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

"நான் ஒரு அடி அடிச்சுப் பாக்கட்டுங்களா?"ன்னு கேட்டேன்.

"அடிங்க சாமி"ன்னு சம்மட்டியைக் கொடுத்தாங்க.

அடுத்த டயர்ல பத்து அடி அடிச்சேன். அது அசையவே இல்ல.

"கையிலயே அடிக்கறீங்க. இடுப்பு சும்மா நிக்குது பாருங்க"ன்னாங்க. ட்ரெய்னர் சொல்ற அதே குறை!

கிளம்பறப்ப பின்சீட்ல மட்டைகளோட இருந்த கோல்ஃப் பையைப் பார்த்துட்டாங்க.

"இதெல்லாம் எதுக்குங்க?"

"பந்து அடிக்கறதுக்குங்க."

"அத்தனை கம்பியா? பந்து எவ்வளவு பெருசுங்க?"

எலுமிச்சம்பழ அளவுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?