சத்தமில்லாமல் சுட்ட காலம்

இரும்புலியூர் வீட்டில் நானும் தம்பியும் விளையாடிய பழைய துப்பாக்கி கேமை இன்று மறுபடி போட்டேன். முதல் முறையாகச் சத்தத்தோடு.

அப்போது அத்தாவுக்குப் படப்பைப் பக்கம் நைட் ஷிஃப்ட். பகலில் கம்ப்யூட்டர் இருந்த அறையில்தான் தூங்குவார். அதனால் ஸ்பீக்கரைப் போட்டதே இல்லை.

எதிரிகள் சாகும்போது கத்துவார்கள் என்பதே இன்றுதான் தெரிந்தது. ஒருவன் கூட்டாளியைக் கூப்பிட்டுக்கொண்டே விழுந்தான். அடுத்தவனைச் சுட மனசே வரவில்லை.

அத்தா எட்டிப் பார்த்தார். "இன்னாடா இவ்ளோ சத்தம்? அப்பல்லாம் சத்தமில்லாமதானே ஆடுவீங்க?"

"உங்களுக்குத் தெரியுமா? தூங்கறீங்கன்னு இல்ல நினைச்சோம்!"

"தூங்குவேன், கீபோர்டு டக்கு டக்குன்னு கேக்கற வரைக்கும். அது நின்னா முழிப்பு வந்துடும். பசங்க எங்க போனானுங்கன்னு."

நாங்கள் ஆடி முடித்ததும் எப்படித்தான் சரியாக எழுந்து டீ கேட்கிறார் என்று அப்போது வியந்திருக்கிறோம்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஆடினேன். அத்தா பக்கத்து சோபாவிலேயே தூங்கிவிட்டார்.

கேம் எப்போதோ முடிந்துவிட்டது. கீபோர்டு நிற்கக் கூடாதே என்றுதான் இந்தப் பதிவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

தயவுசெய்து யாராவது கமெண்டில் வந்து சண்டை போடுங்கள். பதில் எழுத வேண்டும்.