ஏரிக்கரையில் ஒரு தூக்கம்

என் கணவர் ஒருவழியாகச் சம்மதித்தபோது நிபந்தனையும் சேர்த்தே போட்டார். "இந்த ஒரு தடவ வாரேன். சரிப்பட்டு வரலைன்னா அப்புறம் என்னைய எங்கேயும் கூப்பிடக் கூடாது."

பதினெட்டு வருஷம் நிலக்கோட்டைக்கும் திண்டுக்கல்லுக்கும் பூ வேன் ஓட்டியவர். வேன் கவிழ்ந்து இடுப்பும் இடது காலும் நொறுங்கிய பிறகு சக்கர நாற்காலியில் தெருவில் இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார். பார்க்கிறவர்கள் முகத்தில் தெரியும் 'ஐயோ பாவம்' அவருக்கு ஆகாது. ஒன்றரை வருஷமாக வீட்டுக்குள்ளேயே இருந்தார். இந்தப் பயணம் சொதப்பினால் மனிதர் அப்படியே வீட்டோடு அடைந்துவிடுவார் என்று பயந்தேன். காட்டில் யானையைப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேசியப் பூங்காவில் ஏரி வரைக்கும் சக்கர நாற்காலி போகிற மாதிரி பாதை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, வாடகைக் கார் பேசினேன்.

நேரத்தோடு கிளம்பவேண்டும் என்று நினைத்ததுதான் தப்பு. எனக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. இரண்டு மணிக்கு எழுந்தே பழகிய உடம்பு. விளைவு, பூங்கா வாசலில் நாங்கள் போய் நின்றபோது பொழுதே விடியவில்லை.

"ஆறு மணிக்குத்தாம்மா கேட்டத் தொறப்போம். யானையே இன்னும் எந்திரிச்சிருக்காது" என்றார் காவலாளி.

நான் முறைத்தேன். இவர் பக்கென்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

கேட் திறந்ததும் நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பாதையில் எங்களைத் தவிர ஆளில்லை. மரங்கள் பாதி பனிக்குள் இருந்தன. எங்கேயோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. நடக்கிறோமா, மிதக்கிறோமா என்று எனக்கே தெரியவில்லை.

ஏரிக்கரையில் ஒரு பெஞ்சு. நாற்காலியின் பிரேக்கை நான் நம்பவில்லை. பையில் எப்போதும் கிடக்கும் வாழைநாரை முறுக்கி, சக்கரத்தைப் பெஞ்சுக் காலோடு கட்டினேன்.

"நான் என்ன மாடா?" என்றார்.

"மாடு சொன்ன பேச்சுக் கேக்கும்" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏரி முழுக்க வெள்ளையாகப் பனி, மார்க்கெட்டில் கொட்டிவைத்த மல்லிகைக் குவியல் போல. அதை எடைபோடக்கூட யாருமில்லை. வெயில் மெல்ல ஏறியது. வியாபாரம் முடிந்ததும் பூச்சாக்கின் மேலேயே சாய்ந்துவிடுகிற வழக்கம் எங்கள் மார்க்கெட்டில் எல்லோருக்கும் உண்டு. அந்த நேரம் வந்ததும் உடம்புக்குக் காடு, கடை என்ற வித்தியாசம் தெரியவில்லை. பனியின் மேல் அவருடைய பழைய வேன் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. முன்சீட்டில் நானும் இருந்தேன்.

கண் விழித்தபோது உச்சி வெயில். என் தலை அவர் தோளில். முகத்தில் வெயில் படாமல் துண்டை விரித்துப் பிடித்திருந்தார்.

"யானை வந்துச்சா?"

"வந்துச்சு. அக்கரையில ஏழெட்டு. ஒரு குட்டி தண்ணியில எறங்க மாட்டேன்னு அம்புட்டு நேரம் அடம் புடிச்சுச்சு."

"ஏங்க எழுப்பல?"

"செத்த அசைஞ்சாலும் முழிச்சிருவ. அலுத்துப்போயில்ல தூங்குன."

அவர் கை மரத்துப்போயிருந்தது. விரலை மடக்க முடியவில்லை. ஒன்றரை வருஷமாக அவர் புரண்டு படுத்தால்கூட எழுந்து பார்க்கிறவள் நான். என்னை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பே எனக்கு விட்டுப்போயிருந்தது. அழுகை வந்துவிட்டது. அதை யானையின் கணக்கில் சேர்த்து, பார்க்காமல் போயிற்றே என்று புலம்பினேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அழுவாத. வர்ற மழக்காலம் முடியட்டும். மறுக்கா ஒன்னைய நான் கூட்டியாரேன்."