அடைப்புக்குறிக்குள் இருந்த நர்ஸ்

ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கக் கூடாது என்று ஒரு கம்ப்யூட்டர் சொன்னால் நான் அதை மன்னித்துவிடுவேன். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். எதிரே நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் அதையே திருப்பிச் சொன்னபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இன்னும் முழுசாக இறங்கவில்லை.

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே டைரக்டரி சர்வர் என்று ஒன்று உண்டு. இங்கே வேலை செய்கிறவர்கள் யார் யார், எந்தப் பிரிவு, எப்போது சேர்ந்தார்கள், எதைத் திறந்து பார்க்கலாம் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். டாக்டர் ரிப்போர்ட்டைத் திறந்தாலும் சரி, நர்ஸ் மருந்து கொடுத்ததைப் பதிந்தாலும் சரி, மற்ற புரோகிராம்கள் எல்லாம் ‘இவர் நம்ம ஆளா?’ என்று அதனிடம்தான் கேட்கும். பழைய சர்வரை நிறுவியது நான்தான். அது ஓய்ந்துபோய்விட்டது, புதுசுக்கு மாற்றுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததும் எனக்குத்தான். பழசைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் இல்லை நான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் குலசாமி பெயரை வைப்பார்கள். ஒரே சாமியைக் கும்பிடுகிற ஊர்களில் அப்பாக்களுக்கும் ஒரே பெயர் இருக்கும், மகள்களுக்கும் ஒரே பெயர் இருக்கும். இனிஷியலும் சேர்ந்து ஒன்றாகவே வந்து நிற்கும். அதனால் யாரையும் பெயர் சொல்லித் தேடுவதில்லை, ஊரைச் சொல்லித்தான் தேடுவோம். பெண்கள் வார்டில் அப்படி இரண்டு நர்ஸுகள். ஒருவர் நேமத்தான்பட்டி அக்கா, மருத்துவமனை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். இன்னொருத்தி வலையபட்டிப் பெண், போன வருடம் வந்தவள். பழைய சர்வரில் இப்படிப்பட்டவர்களின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஊரைப் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

மாற்றும் வேலையைச் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் கொடுத்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுடைய இன்ஜினியர் வீடியோ காலில் வந்து, டேட்டாவைச் சுத்தம் செய்யப் போவதாகச் சொன்னார். பெயரில் அடைப்புக்குறி இருந்தால் குப்பையாம்.

“குப்பை இல்ல சார், அது அவங்க ஊரு. அத எடுத்தா ரெண்டு பேரும் ஒண்ணாயிருவாங்க” என்றேன்.

“புது வெர்ஷன் ஸ்டாண்டர்டு மேடம். நாங்க பாத்துக்குறோம்.”

என் அப்பா தச்சு வேலைக்காரர். பழைய வீட்டு நிலைக்கதவைப் பெயர்த்துப் புது வீட்டில் வைக்கும்போது, எந்தச் சட்டம் எங்கே சேரும் என்று துண்டுக்குத் துண்டு சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவார். யாராவது அதை அழுக்கு என்று ஈரத்துணியால் துடைத்தால் என்ன பேச்சு விழும் என்று எனக்குத் தெரியும். இந்த இன்ஜினியர் துடைத்துவிட்டு அதற்குப் பில்லும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை நடந்தது. நான் பக்கத்துத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது’ என்று புது சர்வர் அவ்வப்போது சொல்லும். தப்பு வந்தால் நிற்காதே, தாண்டிப் போ என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், அது தாண்டித் தாண்டிப் போனது. தாண்டியது என்ன என்று கேட்டேன். “டூப்ளிகேட் மட்டும்தான் மேடம்” என்றார். சாயங்காலம் வெற்றிகரமாக முடிந்தது என்று மெயில் வந்தது. அட்மின் பாஸ்வேர்டையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். எனக்கு இனி பார்க்க மட்டும்தான் உரிமை, தொடக் கூடாது.

திங்கட்கிழமை காலையில் நேமத்தான்பட்டி அக்காவால் உள்ளே நுழைய முடியவில்லை. வலையபட்டிப் பெண்ணின் பெயர் முதலில் ஏறிவிட்டது. அக்கா டூப்ளிகேட் ஆகிவிட்டார்.

லாகின் போனது மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். புதன்கிழமை அவருக்குச் சிவகங்கையில் நேர்காணல். அரசு ஆஸ்பத்திரி வேலை. இத்தனை வருட அனுபவத்துக்குச் சான்றிதழ் இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். வயது வரம்பு அவருக்கு இதோடு முடிகிறது. அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

அக்காவும் நானும் ஆபீஸ் மேனேஜரிடம் போனோம். அவர் பெயரைத் தட்டினார். ஒரே ஒரு பெயர் வந்தது, போன வருடத் தேதியோடு.

“சிஸ்டத்துல ஒரு ஆளுதான இருக்கீக. ஒரு வருசத்துக்குத்தான் தர முடியும்.”

“அது வலையபட்டிப் புள்ள சார். நான் இந்தா உங்க முன்னாடி நிக்கிறேன்ல” என்றார் அக்கா.

மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பீரோ. அக்காவின் நியமனக் கடிதம் உள்பட எல்லாம் அதற்குள் இருக்கிறது. எழுந்து கையை நீட்டினால் போதும். “இனிமே சிஸ்டத்துல வர்றதுதான் சான்றிதழ்னு உத்தரவு போட்டாச்சும்மா. கையால எழுதுறதெல்லாம் செல்லாது” என்றார். பீரோவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கே நின்றபடியே சென்னைக்குப் போன் போட்டேன். புகாரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள், மூன்று வேலை நாளாகுமாம். “அவசரம்னா ஒண்ணு பண்ணலாம் மேடம். பேருக்குப் பின்னாடி 2னு போட்டு ஏத்திரலாம்” என்றார் அந்த இன்ஜினியர். சான்றிதழிலும் 2 என்றுதான் வருமாம். பெயருக்குப் பின்னால் 2 போட்ட காகிதத்தைச் சிவகங்கையில் யார் வாங்குவார்கள்?

அக்கா என் முகத்தைப் பார்த்தார். “நான் வேலைக்குச் சேந்தப்ப அந்தப் புள்ள பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்துச்சு. நான் எப்புடி ஆத்தா ரெண்டாவது ஆளாவேன்?”

2 வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அப்போதுதான் மேனேஜரின் மேசைப் போன் அடித்தது. அவருடைய அம்மா காய்ச்சலில் எங்கள் பெண்கள் வார்டிலேயே படுத்திருந்தார். நரம்பு அகப்படாத கை. குத்திக் குத்திப் பார்த்து எல்லாரும் தோற்ற இடத்தில் அக்கா ஒருவர்தான் ஒரே தடவையில் ஏற்றுவார். அன்றைக்குக் குளுக்கோஸ் ஊசி கழன்றுவிட்டது போலிருக்கிறது. மேனேஜர் போனில் பதறினார்:

“வேற யாரும் கைய வைக்க வேணாம். அம்மா கத்துவாக. நேமத்தான்பட்டி நர்ஸ வரச் சொல்லுங்க!”

அவர் போனை வைத்தார்.

“அப்படி ஒரு ஆளு சிஸ்டத்துல இல்லையே சார்” என்றேன்.

அவர் முகம் சிவந்தது. என்னை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா கதவைத் திறந்துகொண்டு வார்டுக்குப் போய்விட்டார். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன். எழுதிக் கொடுங்கள், பிறகு போகிறேன் என்று உட்கார்ந்திருப்பேன். போகிறபோது அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. நோயாளிக்கு வலிக்கிறது, போகிறார், அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

அக்கா திரும்பி வந்தபோது பீரோ திறந்திருந்தது. மேனேஜர் மருத்துவமனைத் தாளில் தன் கையாலேயே எழுதி, சீல் குத்தி வைத்திருந்தார். எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. செல்லாது என்று காலையில் சொன்ன கையெழுத்துதான். சிவகங்கையில் செல்லுபடியானது.

அரசு வேலைக்கான உத்தரவு வர சில வாரங்கள் ஆயின. அதுவரை அக்கா வலையபட்டிப் பெண்ணின் லாகினில்தான் வேலை பார்த்தார். அவர் போட்ட ஊசி, அவர் பார்த்த நோயாளி எல்லாம் அவள் பெயரில் ஏறின. “எனக்குக் கூச்சமா இருக்குக்கா” என்று அந்தப் பெண் என்னிடம் வந்து அழுதாள். நான் புகாரைத் திரும்பத் திரும்பப் பதிந்தேன். ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்’ என்று எழுதி ஒவ்வொரு தடவையும் மூடினார்கள். கம்பெனிக்கு மருத்துவமனை பாராட்டுக் கடிதம் கொடுத்தது. அதைத் தட்டச்சு செய்யச் சொல்லி என்னிடமே அனுப்பினார்கள். செய்ய மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன்.

அக்கா விடைபெற்றுப் போன மறுநாள் மேனேஜரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. அக்கா வேலையிலிருந்து விலகிவிட்டதால், கம்பெனியிடம் சொல்லிப் புது சர்வரிலிருந்து அவர் பெயரை உடனே நீக்க ஏற்பாடு செய்யவும் என்றிருந்தது. பெயரைத் தேடினேன். வலையபட்டிப் பெண்தான் வந்தாள். கம்பெனிக்குச் சொல்லியிருந்தால் அவளை நீக்கியிருப்பார்கள்.

மேனேஜருக்கே பதில் எழுதினேன்: “நீக்க அங்கே ஒன்றும் இல்லை சார். அவரை நாம் சேர்க்கவே இல்லை.”