யாருடைய எச்சில், யாருடைய ரகசியம்

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஆய்வுக்காரப் பெண் வந்தார். அண்ணன் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அண்ணனும் மதினியும் எச்சில் கொடுத்து மரபணுப் பரிசோதனை செய்திருந்தார்கள். அந்த முடிவை ஒரு குடும்பம் யாரிடம் சொல்கிறது, யாரிடம் மறைக்கிறது என்பதுதான் இவருடைய ஆய்வு. இதையெல்லாமா ஆராய்வார்கள்? டீயைக் கொடுத்துவிட்டு நானும் அங்கேயே உட்கார்ந்தேன்.

“முடிவை யார்கிட்டல்லாம் சொன்னீங்க?”

அம்மா முந்திக்கொண்டாள். “யாருகிட்டயும் சொல்லல. எம்மருமவ தம்பியத்தான் இவளுக்குப் பேசி முடிச்சிருக்கு. ஆவணில கல்யாணம். வெளிய தெரியக் கூடாது.”

மதினி என் அத்தை மகள். அவள் தம்பி, நான் கட்டப்போகும் அத்தான், சுரண்டையில் காய்கறி மண்டியில் வேலை பார்க்கிறார். அண்ணனிடமும் மதினியிடமும் ஒரே மரபணுப் பழுது வெளியே தெரியாமல் இருந்து, இரண்டும் சேர்ந்து பிள்ளைக்கு வந்திருக்கிறது; அன்றைக்குப் பேச்சில்தான் எனக்கே அது தெரிந்தது. பழுது என்று சொன்னால் மதினிக்குப் பிடிக்காது. எனக்கு வேறு சொல் தெரியவில்லை. அது என்னிடமும் அத்தானிடமும் இருந்தால், எங்கள் பிள்ளைக்கும் அப்படி வரலாம்.

“எனக்கும் இருக்கா?” என்று கேட்டேன்.

“அவங்க முடிவை வச்சு அதை நான் சொல்லக் கூடாதுங்க. அவங்க முடிவு அவங்க ரகசியம். நீங்க தனியா டெஸ்ட் எடுத்தாதான் தெரியும்.”

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரே தாய் தகப்பனிடமிருந்து இரண்டு பேருக்கும் வந்ததில் எது அண்ணன் ரகசியம், எது என்னுடையது என்று கேட்டேன்.

“இதைத்தான் நாங்களும் கேட்டுட்டிருக்கோம்,” என்றார். பதில் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அது பிடித்தது.

“ஏட்டி, உங்கப்பாவும் நானும் சொந்தந்தான். ஒனக்குக் காது கேக்கலியா?” என்றாள் அம்மா.

“நீ சொல்லுதது மட்டும் கேக்க மாட்டேங்கு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் குற்றாலத்துக்குப் போனோம். நல்ல சாரல். குளித்துவிட்டு வந்த அத்தானை அருவி முன்னால் நிறுத்திச் சொன்னேன். தண்ணீர் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் விழவில்லை. மறுபடி சொன்னேன்.

“என்னது? சத்தமாச் சொல்லு!”

கத்தினேன். “நாம ரெண்டு பேரும் எச்சி குடுத்துப் பாக்கணும்! பொறக்குத பிள்ளைக்குக் காது கேக்குமான்னு தெரியணும்!”

சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒரு அண்ணாச்சி, “மொதல்ல கல்யாணத்த முடிங்க தாயி,” என்றார். அம்மா துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அத்தான் சிரிக்கவில்லை. என் காதருகே குனிந்து, “அக்கா அப்பவே எங்கிட்ட சொல்லிட்டா. நீ பயந்துருவன்னுதான் சொல்லல,” என்றார்.

ஆக, எல்லாருக்கும் முன்பே தெரியும். என் உடம்பைப் பற்றிய சந்தேகம் எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. அவரை அருவியில் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

“இருக்குன்னு வந்தா என்ன செய்வ? கட்ட மாட்டியா?” என்று கேட்டார்.

“தெரியல. தெரிஞ்சாத்தான அத யோசிக்கவே முடியும். நாளைக்கு மண்டி உண்டா?”

“உண்டு.”

“லீவு போடுங்க.”