அப்பாவுக்கு இல்லாத தங்கை

எங்கள் பழைய ரேஷன் கார்டின்படி நான் ஒரு பெண்மணியின் அண்ணன் மகன். உண்மையில் அவருக்கு அண்ணன் கிடையாது. என் அப்பாவுக்குத் தங்கையும் கிடையாது. அந்தத் தகவலை அரசாங்கத்துக்குத் தந்தவன் நான். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மலையாளம் பேசும் இந்த ஊரில், தம்பானூர் பக்கம் ஒரு தமிழ் நாளிதழின் அலுவலகத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் அனுப்பும் செய்திகளில் பெயர், வயது, ஊர், உறவு சரிதானா என்று பார்ப்பது என் வேலையில் பாதி.

அவரை நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம். வலியசாலையில் எங்கள் தெருவில் நடந்த ஒரு கல்யாணத்துக்காக, அம்பாசமுத்திரத்திலிருந்து சமையல் கோஷ்டியோடு வந்தவர். கணவர் இறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. கோஷ்டி ஊர் திரும்பியபோது இவர் திரும்பவில்லை. என் அம்மாவுக்கு அப்போது முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாமி பின்கட்டு அறையில் தங்கிக்கொண்டு காலைச் சமையலைப் பார்த்துக்கொள்வது என்று பேசினார்கள். அறைக்கு வாடகை இல்லை, சமையலுக்குச் சம்பளம் இல்லை. சாப்பாடு எங்களோடு. மற்ற நேரங்களில் இங்குள்ள கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் வேலைக்குப் போவார். கைக்காசு அதிலிருந்து வரும்.

இரண்டு வருஷம் கழித்து பேங்கில் கணக்குத் தொடங்கப் போனவரிடம் முகவரிக்கு ஆதாரம் கேட்டார்கள். எதுவும் இல்லை. ரேஷன் கார்டில் பெயர் இருந்தால் போதும், ஆனால் கார்டில் குடும்பத்தாரை மட்டும்தான் சேர்க்கலாம். நான் விண்ணப்பத்தை எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் 'குடும்பத் தலைவரின் தங்கை' என்று போட்டேன். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தார்.

"இந்த வயசுல எனக்கு ஒரு தங்கை பொறந்திருக்கா," என்றார். "நல்லவேளை, தொட்டில் வாங்க வேண்டாம். நேரா சமையக்கட்டுக்கே வந்துட்டா." கையெழுத்தும் போட்டார்.

பிறகு அப்பா போனார், அம்மா போனார். கார்டுகளைப் புதுப்பித்தபோது வீட்டின் மூத்த பெண்தான் கார்டுக்குத் தலைவி என்ற விதி வந்திருந்தது. எங்கள் வீட்டில் மூத்த பெண் மாமி. முதல் பக்கத்தில் அவர் படம் அச்சாகி வந்தது. கீழே வரிசையாக நான், என் மனைவி, மகன். மனைவி அதைக் காட்டிச் சிரித்தாள். மாமியும் சிரித்தார். கார்டு பீரோவுக்குள் போனது.

சென்ற ஆண்டு மாமியின் முழங்கால் இரண்டும் வீங்கின. கல்யாணச் சமையல் என்பது நாள் முழுக்க நின்றுகொண்டு செய்யும் வேலை. ஒரு முகூர்த்தத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு சமையல்காரர் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டுச் சமையல் நான்கு பேருக்குத்தான் என்பதால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்துவந்தார். ஒரு நாள் காலை காபியை வைத்துவிட்டு நின்றார்.

"வயசானவாளுக்குப் பென்ஷன் உண்டாமே. கோவில் வாசல்ல பூ விக்கறாளே, அவளுக்கு வர்றது. எனக்கும் எழுதிப் போடு."

"முழங்கால் மாத்திரைக்குத்தானே மாமி, ஆத்துல கேட்டா தர மாட்டோமா?" என்றேன்.

"தருவேள். கேக்கணுமே."

விண்ணப்பம் பதிவுசெய்யும் கம்ப்யூட்டர் மையம் எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிட நடை. மாமியோடு போனதால் இருபது நிமிடம் ஆனது. அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கார்டு எண்ணைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது கிட்டாது. வெள்ளைக் கார்டல்லே?"

வெள்ளைக் கார்டு என்றால் வசதியுள்ள குடும்பம். அந்தப் பெண் விரல் விட்டுச் சொன்னாள். வீடு பெருசு, ஏசி உண்டு, நாலு சக்கர வண்டி உண்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், இது அதற்கு எவ்வளவோ மேலே.

"வண்டி யாரோடது?" என்று மாமி கேட்டார்.

"குடும்பத்தோடது. குடும்பத்துக்குத் தலைவி ஆன்ட்டிதான்."

மாமி என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, எனக்குக் கார் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? இந்தக் காலை வெச்சுண்டு நடந்தா வந்திருப்பேன்?"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் திரையில் இருந்த விவரங்களில் தவறு என்று எதையும் சொல்ல முடியவில்லை.

வேலையில் இருந்த காலத்தில் நலத்திட்டப் பென்ஷன் பற்றிய செய்திகள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. காரும் ஏசியும் வைத்திருப்பவர்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், அப்போதுதான் ஏழைகளுக்கு முழுதாகப் போய்ச்சேரும் என்ற தலையங்கத்தை நானே திருத்தி அனுப்பியிருக்கிறேன். இப்போதும் அந்த வாதம் எனக்குச் சரியென்றே படுகிறது. அதில் ஏமாற்றுக்காரர்கள் என்று நாங்கள் குறிப்பிட்டவர்களில் யார் வீட்டுக் கார்டில் மாமியைப் போல ஓர் ஆள் இருந்தார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

மாமிக்குப் பென்ஷன் கிடைக்க வேண்டுமானால் முதலில் எங்கள் கார்டிலிருந்து அவர் வெளியே வர வேண்டும். தனிக் கார்டு வேண்டுமானால் தனி அடுப்பு வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் சமையல் தனியாக நடக்கிறதா என்று ரேஷன் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். விண்ணப்பம் கொடுத்தோம். மாமி தன் சேமிப்பிலிருந்து ஒரு அடுப்பு வாங்கினார். பின்கட்டு அறையின் ஜன்னலுக்குக் கீழே பலகை போட்டு அதை வைத்தோம். இன்ஸ்பெக்டர் மறுநாள் வருவதாகப் போன் வந்ததும் மனைவி சாயங்காலமே எங்கள் சமையலறையிலிருந்து பாத்திரங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் அங்கே அடுக்கினாள். குக்கர், இரண்டு பாத்திரம், தட்டு, டம்ளர்கள், சம்புடங்கள். பார்த்தால் பத்து வருஷமாகக் குடித்தனம் நடக்கும் இடம் போலத்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். பாறசாலைக்காரர். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், எங்களிடம் இரண்டும். வெயிலில் வந்ததால் முன்னறையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மனைவி டம்ளரில் கொடுத்தாள். குடித்துவிட்டுப் பின்கட்டுக்கு வந்தார். குக்கரில் சாதம் வெந்துகொண்டிருந்தது. மாமி காபி கலந்து கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கையில் சுற்றிப் பார்த்தார். நான் அப்போதுதான் கவனித்தேன்.

எங்கள் வீட்டில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டி வாங்குவது வழக்கம். அப்பாவின் இனிஷியலும் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும், ஆக மூன்று எழுத்துகள். தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். விசேஷத்துக்குப் பாத்திரம் வெளியே போனால் திரும்பி வர வேண்டுமே.

"முன்னாடி தண்ணி குடிச்ச டம்ளர்லயும் இதே மூணு எழுத்து," என்றார் இன்ஸ்பெக்டர். சம்புடத்தை எடுத்துப் பார்த்தார். தட்டைத் திருப்பினார். "தனி அடுப்புன்னு சொல்றீங்க. பாத்திரம் மொத்தம் உங்க அப்பா பேரு."

"இரவலா குடுத்திருக்கோம்," என்றாள் மனைவி.

"எப்போ?"

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "நேத்து சாயங்காலம்."

அவர் எழுதிக்கொண்டார். மாமி அடுப்புப் பக்கத்திலிருந்து பேசினார்.

"பேர் அவாளோட பேர்தான் சார். தேய்ச்சது நான். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. எழுத்து மங்கிக் கெடக்கே, பாக்கலையா?"

"பாத்தேன் அம்மா. அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்ல."

ஃபைலை மூடினார். ஒரே அடுப்பு என்று அறிக்கை போனால் தனிக் கார்டு இல்லை. கார்டு இல்லாவிட்டால் பென்ஷனும் இல்லை. காருக்கும் ஏசிக்கும் தலைவியாக, மாத்திரைக்கு ஒவ்வொரு முறையும் என் மனைவியிடம் வந்து நிற்பவராக மாமி இருந்துகொண்டிருப்பார். இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை. காபியை முடித்தார்.

"ஒரு வழி உண்டு. இவங்க உங்களுக்கு ஆரு? அதைச் சத்தியமா எழுதிக் கொடுங்க. நான் அதையும் சேர்த்து வைக்கிறேன்."

"அப்பாவோட தங்கைன்னு எழுதியிருக்கு. நான்தான் எழுதினேன். அது சரியில்ல."

"பின்னே ஆரு?"

"தூரத்துச் சொந்தம்னு போடலாமே," என்றாள் மனைவி.

"தூரமோ பக்கமோ, சொந்தம்னா இதே கார்டுல கிடக்கட்டும். சொந்தம் இல்லேன்னா சொல்லுங்க, தனிக் கார்டு குடுக்கலாம். இங்க என்ன செய்றாங்க?"

"சமையல்," என்றேன்.

"சம்பளம்?"

குக்கர் விசில் அடித்தது. மாமி கையை நீட்டி அடுப்பைத் தணித்தார்.

"அத்தைக்கு யாராவது சம்பளம் குடுப்பாளோ, சார்?"

குத்திக்காட்டும் குரல் இல்லை. கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொன்னார், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்காமல் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

முன்னறைக்கு வந்து எழுதினேன். மலையாளத்தில் எழுத வேண்டும். முதலில் 'குடும்ப நண்பர்' என்று எழுதி அடித்தேன். 'எங்களோடு வசித்துவரும் பெரியவர்' என்று எழுதி அதையும் அடித்தேன். அது எங்கள் பத்திரிகையில் ஒரு நிருபர் எழுதியிருந்தால் நான் அடித்திருக்கக்கூடிய வாக்கியம். மூன்றாவது முறை இப்படி எழுதினேன்: இவர் எனக்கு உறவினர் அல்ல. எங்கள் வீட்டில் காலைச் சமையல் செய்கிறார். அதற்காகத் தங்க அறையும் உணவும் தருகிறோம். இன்றுவரை சம்பளம் தந்ததில்லை. உறவினர் என்று முன்பு நான் தந்த தகவல் தவறு.

அத்தை என்று எழுதியது ஓர் உதவி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உதவிதான். பேங்க் கணக்கும் ஓட்டர் அட்டையும் அதை வைத்துத்தான் வந்தன. ஆனால் எங்கள் வீட்டில் சம்பளம் என்ற பேச்சே எழாமல் இருந்ததற்கும் அந்தச் சொல் உதவியிருக்கிறது. பத்திரிகையில் திருத்தம் என்றால் உள்பக்கத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுவோம். இதற்கு முழுத்தாள் ஆனது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் மாமிக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். அவர் ஒருமுறை தலையாட்டினார்.

"சரியாத்தான் இருக்கு. அப்பவே இப்படி எழுதியிருந்தா பேங்க்ல சேத்திருக்க மாட்டா. இப்பவும் அத்தைன்னே எழுதினா பென்ஷன் தர மாட்டா. அப்போ அது, இப்போ இது. போடு கையெழுத்த."

தவறான தகவல் தந்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது. பதில் எழுதினேன். அதற்குமேல் எதுவும் வரவில்லை. மாமியின் தனிக் கார்டு முதலில் வந்தது. எங்கள் கார்டுக்கு என் மனைவி தலைவியானாள். பென்ஷன் விண்ணப்பத்தை மறுபடி பதிவுசெய்தோம். கார்ப்பரேஷனிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு பல மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. மாமி பூக்காரியிடம் வாரத்துக்கு ஒருமுறை விசாரிப்பார். அவளுக்கு அந்தத் தவணைப் பணம் வந்துவிட்டது என்றால் புதுப் பட்டியலும் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு நாள் மத்தியானம் பணம் பட்டுவாடா செய்யும் பெண் ஸ்கூட்டரில் வந்து, முன்வாசலில் நின்று மாமியின் பெயரைச் சொன்னாள். எங்கள் வீட்டு வாசலில் அந்தப் பெயரை யாரும் அப்படி முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "பின்னாடி" என்று கைகாட்டினேன். மாமி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். எங்களிடம் காட்டவில்லை. ஆட்டோ பிடித்துக் கிழக்கேகோட்டைக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு, கூடவே இரண்டு டம்ளரும் ஒரு சாதப் பாத்திரமும் வாங்கிவந்தார். சாயங்காலம் எங்கள் பாத்திரங்களைத் துடைத்து எங்கள் சமையலறையில் திரும்ப அடுக்கினார்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வந்தார். சமையலறை வாசலோடு நின்றுவிட்டார்.

"சமையல்காரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. சம்பளம் என்னன்னு சொன்னா உள்ள வர்றேன்."

"இப்பவேவா மாமி?" என்றாள் மனைவி.

"மெதுவா யோசிச்சுச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் எனக்கு என் அடுப்பு இருக்கு."

இரண்டு நாள் ஹோட்டலிலிருந்து இட்லி வாங்கினோம். தெருவில் சமையலுக்கு வருகிறவர்களுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று மனைவி நான்கு வீடுகளில் விசாரித்தாள். மூன்றாம் நாள் காலை தொகையைச் சொன்னோம். மாமி விரல் கணுக்களைத் தொட்டுப் பன்னிரண்டு மாதங்களை எண்ணினார்.

"இவ்வளவு வேண்டாம். வருஷத்துக்குக் கூட்டினா லிமிட்டைத் தாண்டிடும். பென்ஷனை வெட்டிடுவா."

"அப்போ மீதியை என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பதிலா ஞாயித்துக்கெழமை வரமாட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஸ்டூலை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.